தற்சமயத்துக்கு ஒரு டியூப்

இரத்தினசிங்கத்தின் நாணயத்துக்கு நான் போட்ட விலை எழுபத்தையாயிரம் ரூபா. கூடக் கேட்டிருந்தாலும் அவருடைய மனைவி மலரக்கா தந்திருப்பார். இல்லாத குறையைச் சொல்லி விலை இறக்கித்தான் எனக்குப் பழக்கம். இருக்கிற குறைக்கு என்ன கேட்பதென்று அன்று பிடிபடவில்லை.

அனுராதபுரச் சந்தியில் எங்களுக்கு வாகன உதிரிப்பாகக் கடை. பழைய காரை முழுதாக வாங்கி, உடைத்து, துண்டு துண்டாக விற்பேன். இறக்குமதி நின்றுபோன காலத்திலிருந்து ஓடுகிற காரைவிடச் செத்த காருக்கு மதிப்பு. வாங்கப் போகும்போது கிண்ணியா அப்துல் மஜீதைக் கூட்டிப் போவேன். மெக்கானிக். எங்களுக்குள் ஒரு பாஷை உண்டு. "வெயில் கூட, முதலாளி" என்றால் சின்னக் குறை, இருபதாயிரம் இறக்கலாம். "அஸருக்கு நேரமாகுது" என்றால் பெரிய குறை, எழும்பிப் போவதுபோல நடிக்கலாம். மஜீத் ஐந்து நேரமும் தொழுகிறவன். அதனால் எங்களோடு வியாபாரம் செய்தவர்கள் யாரும் சந்தேகப்பட்டதில்லை.

இரத்தினசிங்கம் முப்பத்திரண்டு வருஷம் வாடகைக் காரில் ஹயர் ஓடியவர். வயது அறுபத்திமூன்று. வைகாசிக் கடைசியில் மூதூருக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனார். சீனக்குடா தாண்டி, வெள்ளைமணலுக்குக் கிட்ட, மீன் பெட்டி கட்டிய சைக்கிளோடு அபூதாஹிர் றோட்டைக் கடந்தார். கார் நிற்கவில்லை. அபூதாஹிர் அடுத்த நாள் விடிய ஆஸ்பத்திரியில் மவுத்தாகிப் போனார்.

"பிறேக் மிதி கல்லாப் போச்சு" என்று இரத்தினசிங்கம் பொலிசில் சொன்னார். றோட்டில் ரயர் இழுபட்ட அடையாளம் ஒரு முழம்கூட இல்லை. மிதித்தவன் என்றால் கோடு எங்கே என்று கேட்டார்கள். மூன்றாம் நாள் வாகனம் பார்க்கிற உத்தியோகத்தர் ஒருவர் வந்து, பொலிஸ் வளவுக்குள் ஐம்பது யார் ஓட்டி, பிறேக் நல்ல நிலை என்று எழுதிவிட்டுப் போனார். மிச்சத்தை ஊர் எழுதியது. நித்திரை தூங்கினார் என்றது ஒரு வாய், போன் கதைத்தார் என்றது இன்னொன்று.

காரைப் பிணையில் விட்டார்கள். வழக்கு முடியும்வரை கைமாற ஏலாது. ஆனால் விலை பேசி அட்வான்ஸ் வாங்கலாம். லோயருக்குக் கொடுக்கவும், அபூதாஹிரின் மனைவி ஸல்ஹாவுக்குக் கொடுக்கவும் காசு தேவை என்று மலரக்கா ஆள் அனுப்பியிருந்தார். வழக்கு வியாழன். நாங்கள் போனது திங்கள்.

அன்புவழிபுரத்தில் அவர்களுடைய வீடு ஒழுங்கையின் கடைசியில். ஆடி மாதக் கச்சான் காற்று நெருப்பை ஊதிக்கொண்டு வந்தது. தென்னை ஓலைகள் ஒரு பக்கமாகவே சாய்ந்து நின்றன, கொடியில் போட்ட சாரம் பத்து நிமிஷத்தில் மொறமொறத்தது. கிணற்றடியில் தண்ணீர் மோட்டர் ஓடியது. அதன் குழாய் மூட்டில் கிளிப்புக்குப் பதிலாகச் செப்புக் கம்பி இரண்டு சுற்றுச் சுற்றி, முறுக்கி, வால் நுனியை உள்ளே மடித்திருந்தது. மஜீதின் கைக் கட்டு. கையைக் கீறாமலிருக்க வாலை மடிக்கிறவன் இந்த மாவட்டத்தில் அவன் ஒருவன்தான்.

"போன வருஷம் தண்ணி சிந்துதெண்டு சொல்ல, போற வழியில கட்டித் தந்தவர். ஒரு சதம் வாங்கேல்ல" என்றார் மலரக்கா.

இரத்தினசிங்கம் பின் விறாந்தையில், மதிலைப் பார்த்தபடி கதிரையில் இருந்தார். வாங்கோ என்று சொல்லவில்லை. அவருடைய வலது கால் சீமெந்துத் தரையை அழுத்தியது, விட்டது, மறுபடி அழுத்தியது.

"உப்பிடித்தான் ஏழு கிழமையா" என்றார் மலரக்கா. "முதல்ல மிதிச்சனான், மிதிச்சனான் எண்டு சொல்லிக்கொண்டு இருந்தவர். இப்ப நேற்று, காலைக் காட்டி, 'மலர், நான் பக்கத்து மிதியைத்தான் மிதிச்சிட்டனோ தெரியேல்ல' எண்டுறார். முப்பத்திரண்டு வருஷம் ஓடின மனுசன். பிறேக் எது, எக்ஸிலேட்டர் எது எண்டு என்னட்டைக் கேக்கிறார்."

நான் காரைப் பார்க்க வந்தவன்.

வெறும் தேத்தண்ணி வந்தது, உள்ளங்கையில் வைத்துக் கடிக்கச் சீனியும். குசினியில் சூடை மீன் பொரிகிற மணம். விலைக்குப் போனோம்.

"இருபத்தஞ்சு இலட்சம்" என்றார் மலரக்கா.

"அக்கா, ஒராளை அடிச்ச கார். எடுத்து ஓடுறதுக்கு ஒருத்தரும் வரமாட்டினம். உடைக்கத்தான் ஏலும். இருபத்திரண்டு."

"உடைச்சாப் பிறகு எந்தத் துண்டு ஆளை அடிச்சதெண்டு சாமான் வாங்க வாறவனுக்குச் சொல்லுவீங்களோ? இருபத்தஞ்சுக்குக் குறைய ஏலாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் அங்கே சிரிக்க ஏலாத ஆள் என்பதால் சீனியைக் கடித்தேன். இருபத்திமூன்றரையில் நின்றோம். அதுவும் மஜீத் பார்த்து முடித்த பிறகுதான்.

மஜீத் பொனற்றைத் திறக்காமலே முதலில் மிதியைப் பார்த்தான். எஞ்சின் நின்றிருக்க ஐந்தாறு தரம் மிதித்தான். மிதி இறுகியது. காலை எடுக்காமல் ஸ்டார்ட் பண்ணினான். மிதி ஓரங்குலம் கீழே இறங்கியது. எஞ்சின் உறிஞ்சுகிற இழுவை ஒரு டியூப் வழியாகப் பூஸ்டர் என்கிற கறுப்புச் சட்டிக்குப் போய் மிதிக்குப் பலம் கொடுக்கும். மிதி இறங்கினால் இழுவை வருகிறது, பிறேக் நல்லது.

"நல்லா இரிக்கி, முதலாளி" என்றான். வெயிலைப் பற்றியும் சொல்லவில்லை, அஸரைப் பற்றியும் சொல்லவில்லை.

மலரக்காவின் முகத்தைப் பார்த்தேன். தன் பொருளை நல்லது என்று சொன்னதற்கு முகம் செத்துப்போன விற்பனைக்காரியை அன்றுதான் கண்டேன்.

"ஓடிப் பாத்தீங்களோ?" என்றார்.

"ஓடிப் பாக்கத்தான் போறம்" என்றேன். குறை இல்லாமல் வீட்டுக்குப் போவது எனக்கும் நட்டம்.

"நானும் வாறன்" என்று பின் சீற்றில் ஏறினார்.

நான் ஓட்டினேன். மஜீத் பக்கத்தில். கண்டி வீதியில் ஏறியதும் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஏசியைப் போடுங்கோ தம்பி. அண்டைக்கு ஹயர்க்காரர் பிள்ளைக்கு வேர்க்குதெண்டு போடச் சொன்னவையாம். அந்த உத்தியோகத்தர் ஏசி போட்டுப் பாக்கேல்ல. நான் மதிலாலை எட்டிப் பாத்துக்கொண்டுதான் நிண்டனான்."

சீனக்குடா வரைக்கும் பிறேக் வெண்ணெய். மூன்று இடத்தில் வேண்டுமென்றே மிதித்தேன். மஜீத் ஜன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். துறைமுகத்துக்கு வெளியே ஒரு கப்பல் வெயிலில் அசையாமல் நின்றது. முக்கால் மணித்தியாலம் ஓடியிருப்போம். வெள்ளைமணல் திருப்பத்தில் ஐந்தாறு மாடுகள் நடு றோட்டில் படுத்திருந்தன.

மிதித்தேன். கால் மதிலில் மோதியதுபோல நின்றது. மிதி அசையவேயில்லை. கார் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது. இரண்டு காலையும் சேர்த்து வைத்து, முதுகைச் சீற்றில் ஊன்றி உதைத்தேன். மஜீத் ஹாண்ட் பிறேக்கை இழுத்தான். கார் முனகி முனகிப் போய், ஒரு வெள்ளைப் பசுவின் கொம்புக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. பசு அசைபோடுவதை நிறுத்தவில்லை. எனக்கு உடம்பு எண்பத்தைந்து கிலோ, வயது நாற்பத்தாறு. இரத்தினசிங்கத்தின் கால் விறகுக் குச்சி.

காருக்குள் ஏசி மட்டும் இரைந்தது.

"கல்லா இருந்ததோ?" என்றார் மலரக்கா.

"ஓம் அக்கா."

"கேக்கேல்ல. சத்தமாச் சொல்லுங்கோ."

"கல்லா இருந்தது, அக்கா."

அவர் சீலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு அழுதார். முப்பது வருஷமாக அடுத்தவன் பொருளில் குறை சொல்லிச் சாப்பிடுகிறேன். வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார்கள், ஒருத்தன் செருப்பும் எறிந்திருக்கிறான். கையெடுத்துக் கும்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

எஞ்சினை நிறுத்தாமல் ஓரம் கட்டினோம். மஜீத் பொனற்றைத் தூக்கினான். பூஸ்டருக்குப் போகிற டியூப், நடுவில், பல்லுப் போன கிழவன் கன்னம்போல இரண்டு பக்கமும் உள்ளே ஒட்டிச் சப்பளிந்து கிடந்தது. மஜீத் எட்டி எஞ்சினை நிறுத்தினான். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, மெதுமெதுவாக மூச்சு வாங்கி அது பழையபடி உருண்டது. எதுவும் நடக்காததுபோல.

அது கார் டியூப் இல்லை. மீன்பிடி வள்ளத்து எஞ்சினுக்கு எண்ணெய் போகிற டியூப். உள்ளேயிருந்து தள்ளுவதைத் தாங்கும். உள்ளே இழுப்பதைத் தாங்காது. குளிர்ந்திருக்கும்போது விறைப்பாக நிற்கும், சூடேறி இளகினால் தன்னைத்தானே நெரித்துக்கொள்ளும். இரண்டு முனையிலும் செப்புக் கம்பி. இரண்டு சுற்று. வால் நுனி உள்ளே மடித்திருந்தது.

மஜீத் அந்த வாலையே பார்த்தான். எங்கள் பாஷையில் அதற்கு வார்த்தை இல்லை.

பிறகு இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான். "பத்து நிமிசம். கிண்ணியாவில சரியான டியூப் எடுக்கலாம். வெட்டிப் போட்டு மாத்திருவம்."

பிழையைக் கண்டால் அவன் கை நிற்காது. ஆனால் அன்று அந்தக் கை ஏன் அவ்வளவு அவசரப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

"தொடாதீங்கோ" என்றார் மலரக்கா. குனிந்து பார்த்தார். கம்பியின் வாலை விரலால் தடவினார். "எங்கட கிணத்தடியில இருக்கிற கட்டு."

"பழைய சாமான் அக்கா. ஆர் போட்டதோ..." என்று நான் இழுத்தேன். பழக்கதோஷம்.

"நீங்கள் சும்மா இருங்கோ தம்பி. நான் மஜீதைக் கேக்கிறன்."

மஜீத் கத்தியை மடித்தான். "ஓம் அக்கா. என்ட கட்டுத்தான்." அபூதாஹிர் கிடந்த திசையைப் பார்த்தான். அந்த இடம் அங்கிருந்து இருநூறு யார்கூட இல்லை. "அவர்ட சந்தூக்குக்குத் தோள் குடுத்தவன் நான். ஜனாஸாவில நிண்டு எல்லாரும் சிங்கண்ணனை ஏச, நானும் கேட்டுக்கொண்டு நிண்டன். ரெண்டு தரம் தலையையும் ஆட்டினன்."

அவன் அதைக் கட்டியது ஊரே பெற்றோலுக்கு வரிசையில் நின்ற வருஷம். இரத்தினசிங்கத்தின் காரில் பழைய டியூப் வெடித்துவிட்டது. எனது கடைக்கு இரண்டு தரம் வந்தார். சரியான டியூப் ஒன்று என்னிடம் இருந்தது. இருபத்திரண்டாயிரம் சொன்னேன். அவர் பன்னிரண்டு வைத்திருந்தார். டொலர் ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் முப்பதுக்குப் போகும் என்று கணக்குப் போட்டு மேல் தட்டில் தூக்கி வைத்தேன். அவர் மஜீதிடம் போனார். மஜீத் வள்ளத்து டியூபில் ஒரு முழம் வெட்டிக் கட்டிவிட்டு, "தற்சமயத்துக்குப் போடுறன், சாமான் வந்தா வாங்க" என்றான்.

தற்சமயத்துக்கு. எங்கள் ஊரில் அந்தச் சொல்லை நம்பியவர் அதிகம். சண்டைக் காலத்தில் தற்சமயத்துக்கு அடித்த தகரக் கொட்டில்களில் பிறந்த பிள்ளைகள் அதே கொட்டில்களில் கலியாணம் முடித்திருக்கிறார்கள்.

அரை மணித்தியாலம் ஆறவிட்டு, ஏசியை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்து, இரண்டாம் கியரில் ஊர்ந்து வந்தோம். வீட்டு வளவுக்குள் வந்ததும் மலரக்கா, "எஞ்சினை நிப்பாட்டாதீங்கோ. ஏசியைப் போடுங்கோ" என்றார். வெயிலில் கார் இரைந்துகொண்டு நின்றது. நான் மிதியில் காலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது கல்லானதும் தலையை ஆட்டினேன். அவர் போய்ப் புருஷனைக் கைபிடித்துக் கூட்டிவந்தார்.

"ஏறுங்கோ."

"ஏலாது மலர்."

"ஓட வேண்டாம். மிதியுங்கோ. ஒருக்கால் மிதியுங்கோ."

ஏறி இருந்தார். கை தானாக ஸ்டியரிங்கில் போய் நின்றது. வலது கால் தடவித் தடவி மிதியைத் தேடியது. வைத்தார். அழுத்தினார். இன்னொரு தரம். கழுத்து நரம்பு புடைத்தது. விட்டு, மறுபடி, மறுபடி.

"ஓம்" என்றார். "இதுதான். இதைத்தான் மிதிச்சனான்."

"பக்கத்து மிதி இல்லையே?"

"இல்ல. இதுதான்."

நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார். ஹோர்ன் அடித்தது. ஒருவரும் அதை நிறுத்தவில்லை.

கொஞ்சம் பொறுத்து மஜீத் கிட்டப் போனான். "சிங்கண்ண, அது நான் போட்ட டியூப்."

"தெரியும்" என்றார் இரத்தினசிங்கம், நிமிராமல். "சாமான் வந்தா வா எண்டு சொன்னனி. நான்தான் வரேல்ல. ஓடுதுதானே எண்டு விட்டிட்டன். மூண்டு வருஷம்."

மலரக்கா லோயருக்குப் போன் எடுத்தார். லோயர் சொன்னது எங்களுக்கும் கேட்டது. வாகனத்தைச் சரியாக வைத்திருப்பதும் சாரதியின் பொறுப்பு. டியூபைக் காட்டினால் வழக்கு நீளும், மெக்கானிக்கையும் இழுப்பார்கள், முடிவு மாறாது. குற்றத்தை ஏற்றுக்கொண்டால் ஒத்திவைத்த தண்டனையோடு போகலாம்.

"மஜீதை இழுக்க வேண்டாம்" என்றார் இரத்தினசிங்கம். "அவன் அந்த ஊரில இருக்க வேணும். அதே பள்ளியில தொழ வேணும். ஒராள் போனது காணும், இன்னொராள் வேண்டாம்."

"அப்ப நீங்கள்? ஊர் என்ன சொல்லும்?"

"சொல்லட்டும். எனக்குத் தெரிஞ்சிட்டுது."

"உங்களுக்குத் தெரிஞ்சது மட்டும் எனக்குக் காணாது" என்றார் மலரக்கா. கையில் இருந்த போனை மடியில் வைத்தார். என் பக்கம் திரும்பினார். "தம்பி, விலை பேசி முடிக்கேல்ல நாங்கள்."

"இருபத்திமூண்டரை சொன்னம் அக்கா."

"அது குறை காண முதல். இப்ப குறை கண்டிட்டீங்கள். குறை கண்டா நீங்கள் கழிக்கிறனீங்கள்தானே? இதுக்கு எவ்வளவு கழிப்பீங்கள்?"

"கழிக்க வேண்டாம் அக்கா. உடைக்கிற காருக்கு பிறேக் என்னத்துக்கு?"

"கழியுங்கோ. கழிச்சு, ஏன் கழிச்சதெண்டு உங்கட கடைப் பில்லில எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தித் தாங்கோ. உத்தியோகத்தர் எழுதினதை ஊர் நம்பிச்சுது. உங்களை ஊருக்குத் தெரியும். காரணமில்லாமல் ஒரு ரூபா கழிக்கவும் மாட்டீங்கள், கூட்டவும் மாட்டீங்கள். நீங்கள் கழிச்சீங்களெண்டா குறை இருந்தது எண்டுதான் அர்த்தம்."

என்னைப் பற்றி அவ்வளவு சரியான நற்சான்றிதழ் வேறு எவரும் தந்ததில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"எழுபத்தஞ்சு."

"எழுதுங்கோ."

பில் புத்தகத்தைக் கார் பொனற்றின் மேல் வைத்து எழுதினேன். தகடு சுட்டது. முத்திரைக் கட்டை கடையில் இருந்ததால் மறுநாள் கொண்டுபோய்க் குத்தினேன். அவர் எழுத்துக் கூட்டி வாசித்து, நான்காய் மடித்து, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தார்.

வியாழன் நீதிமன்றம் சனம். ஸல்ஹாவும் சொந்தக்காரரும் ஒரு பக்கம் நின்றார்கள். மஜீத் அவர்களோடு நின்றான். வேறு எங்கே நிற்க? எங்கள் பக்கம் பார்க்கவில்லை.

குற்றவாளியா, குற்றமில்லாத சுற்றவாளியா என்று கேட்டார்கள். ஓரெழுத்துத்தான் வித்தியாசம்.

"குற்றவாளி" என்றார் இரத்தினசிங்கம்.

வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று நீதவான் கேட்டார். லோயர் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டார். இரத்தினசிங்கத்தின் கை சட்டைப் பைக்குப் போனது. விடிய மலரக்கா அந்தப் பில்லை அதற்குள் வைத்துவிட்டிருந்தார். தொட்டுப் பார்த்தார். எடுக்கவில்லை.

"ஐயா, நான் பிறேக்கை மிதிச்சனான்."

எழுதுகிறவர் பேனையை ஏற்கெனவே மூடி வைத்திருந்தார்.

இரண்டு வருஷச் சிறை, பத்து வருஷத்துக்கு ஒத்திவைப்பு. தண்டப்பணம். லைசென்ஸ் இரத்து. ஸல்ஹாவுக்குப் பத்து இலட்சம். ஸல்ஹா காசை வாங்கும்போது ஒன்றுதான் கேட்டார்: "அவர் றோட்டில கிடக்கக்குள்ள தண்ணி குடுத்தது நீங்களா?" ஓம் என்றார் இரத்தினசிங்கம். ஸல்ஹா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த கிழமை கார் என் வளவுக்கு வந்தது. எழுபத்தையாயிரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மலரக்கா வாசல் படலையைத் திறக்கவில்லை. "குறை குறைதான் தம்பி. திருப்பித் தந்தீங்களெண்டா அந்தப் பில் பொய்யாப் போகும்" என்றார் படலைக்குள் நின்று. உள்ளே இரத்தினசிங்கத்தின் கால்கள் தெரிந்தன. இரண்டும் சும்மா இருந்தன.

சனிக்கிழமை கடைக்கு மஜீத் வந்தான். மேல் தட்டைக் காட்டினான்.

"அந்த டியூப் இன்னும் கிடக்கா, முதலாளி?"

கிடந்தது. தூசி படிந்து, இருபத்திரண்டாயிரம் என்று நான் ஒட்டிய துண்டோடு. அதே டியூப் இப்போது புதிதாக ஆறாயிரத்து ஐந்நூறுக்கு வருகிறது.

"உடைக்கப் போற காருக்கு எதுக்கடா?"

"பிழையைப் போட்டவன் எடுக்க வேணும். உடைக்கிறதுக்கு முதல் ஒருநாள் எண்டாலும் அது சரியா இரிக்கட்டும்."

வளவுக்குப் போய் வள்ளத்து டியூபை வெட்டி எடுத்தான். புதியதை மாட்டினான். கம்பி கட்டவில்லை, கிளிப் போட்டு முறுக்கினான். ஸ்டார்ட் பண்ணி, ஏசியைப் போட்டு, ஒரு மணித்தியாலம் வெயிலில் விட்டு, மிதித்துப் பார்த்தான். மிதி இறங்கியது. பழைய டியூபைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டான்.

"வெயில் கூட, முதலாளி" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டியூபை என்ட கணக்கில எழுதுங்க."

நான் எழுதிய பில்லும் பேரேடும் இப்படிக் கிடக்கின்றன:

கார் ஒன்று: 23,50,000.
சூட்டில் பிறேக் மிதி இறுகுவதற்காகக் கழிவு: 75,000.
மிச்சம்: 22,75,000. கொடுத்துத் தீர்ந்தது.
பிறேக் டியூப், சரியானது, ஒன்று. அப்துல் மஜீத் கணக்கில்.

பிறகு மஜீதின் பெயரை வெட்டிவிட்டு என் பெயரை எழுதினேன். இருபத்திரண்டாயிரம் போடுவதா, ஆறாயிரத்து ஐந்நூறு போடுவதா, அன்று இரத்தினசிங்கம் கையில் வைத்திருந்த பன்னிரண்டாயிரத்தைப் போடுவதா என்று தெரியவில்லை. ரூபா என்ற கட்டம் வெறுமையாக இருக்கிறது. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது ஒவ்வொரு முறையும் அந்த வரி அடுத்த பக்கத்துக்குப் போகிறது.